திறப்பு விழாச் செய்தியும் திறவாத கண்களும்

ஓவியக் கண்காட்சி ஒன்று நடைபெற்றால் அதைத் தமிழ் நாளேடுகள் எவ்வாறு அறிவிக்கின்றன என்பதைச் சற்றே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். இன்ன மண்டபத்தில், இன்ன நாளில், இன்னார் தலைமையில் கண்காட்சி தொடங்கியது. இன்னார் குத்துவிளக்கு ஏற்றினார். இன்னார் நாடாவை வெட்டினார். இன்னார் வாழ்த்துரை வழங்க, இன்னார் நன்றி நவின்றார். இத்தனைக்கும் இடம் கொடுத்த பிறகு கடைசியாக ஒரே ஒரு வாக்கியம்: பல்வேறு ஓவியங்கள் இடம்பெற்றிருந்தன, பொதுமக்கள் ஆர்வத்துடன் கண்டு களித்தனர். செய்தி அத்துடன் முற்றுப் பெற்றுவிடுகிறது.

எந்த ஓவியம்? அதில் என்ன இருந்தது? வரைந்தவர் எதைச் சொல்ல முயன்றார்? முயன்றதில் வென்றாரா, தோற்றாரா? முன்பு அவர் வரைந்தவற்றுக்கும் இப்போது வரைந்தவற்றுக்கும் வேறுபாடு என்ன? இவற்றுள் ஒரு வினாவுக்கேனும் விடை கிடைக்காது. நாடா வெட்டியவரின் பெயர் கிடைக்கும். அவர் அணிந்திருந்த பொன்னாடை தெரியும்படி நிழற்படமும் கிடைக்கும். சுவரில் மாட்டியிருந்த படம் அந்த நிழற்படத்தில் அவருடைய தோளுக்குப் பின்னே பாதி மறைந்து கிடக்கும்.

வேறு எந்தக் கலைக்கும் தமிழில் இந்தக் கதி நேர்ந்ததில்லை. இசையை எடுத்துக் கொள்ளுங்கள். 1930களிலேயே கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடன் இதழில் கச்சேரி விமர்சனம் எழுதினார். சங்கீதம் அறியாதவனும் அதைப் படித்துச் சிரித்தான். சிரித்தவன் அடுத்த கச்சேரிக்குப் போனான். பின்னாளில் சுப்புடுவின் எழுத்துக்கு வித்துவான்கள் அஞ்சினார்கள். பாட்டு தமிழில் வேண்டும் என்று ஓர் இயக்கமே எழுந்து, 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. திரைப்படமோ, வெளியான அன்று மாலைக்குள் அக்குவேறு ஆணிவேறாக அலசப்படுகிறது. நூலுக்கு மதிப்புரை உண்டு, நாடகத்துக்கும் உண்டு. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் மட்டும் திறப்பு விழாச் செய்தியே போதும் என்று யார் தீர்மானித்தார்கள்?

தமிழகத்தில் ஓவியம் இல்லாமற் போய்விடவில்லை. அதைப் பற்றிய பேச்சுத்தான் தமிழில் இல்லாமற் போயிற்று. நாட்டிலேயே மிகப் பழைய கலைக் கல்லூரிகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. ஓவியர்கள் தாமே கூடி எழுப்பிய கிராமம் ஒன்று இங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் பயின்று வெளிவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆயினும் பேசப்படாத கலை மக்களுடைய கலையாவதில்லை. வாங்குவோருடைய கலையாகவே நின்றுவிடுகிறது. இந்த நிலைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் முதற் பொறுப்பாளிகள், ஓவியர்கள் இரண்டாம் பொறுப்பாளிகள் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

கடற்கரையில் நிற்கும் சான்று

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் காணாத தமிழர் சிலரே. 1959 முதல் அது அங்கே நிற்கிறது. மே முதல் நாளில் அதற்கு மாலை விழுகிறது. பேருந்து நிறுத்தத்துக்கும் அதுவே பெயர். அதைச் செய்தவர் யார் என்று அந்த நிறுத்தத்தில் இறங்குவோரைக் கேட்டுப் பாருங்கள். நூற்றில் ஒருவர் விடை சொன்னாலும் பெரிது.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். ஏறத்தாழ 28 ஆண்டுகள், 1957 வரை, அப்பொறுப்பில் இருந்தவர். 1954இல் மத்திய லலித் கலா அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர். அதே கடற்கரையில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகள் சிலையும் அவர் கைவண்ணமே.

பெயரை விடுங்கள், சிலையைப் பார்ப்போம். நான்கு ஆடவர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். முதுகு வளைந்திருக்கிறது; தசை முறுக்கேறியிருக்கிறது; உடலின் பாரம் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள்படும் பெயரிட்டார்கள். ஆனால் பாறை இன்னும் பெயரவில்லை! வெற்றிக்கு முந்திய கணத்தையே சிற்பி வார்த்திருக்கிறார். பெயர்ப் பலகை சொல்வது ஒன்று, வெண்கலம் சொல்வது மற்றொன்று. சிற்பி வேண்டுமென்றே செய்தாரா? உழைப்பவனுக்கு வெற்றி இன்னும் வரவில்லை என்று சொன்னாரா? அல்லது தசையின் முறுக்கைக் காட்டும் ஆசையில் முயற்சியின் உச்சத்தைத் தேர்ந்து கொண்டாரா? உடற்கூற்றை இவ்வளவு நுணுகிக் காட்டும் முறை ஐரோப்பியச் சிற்பத்திலிருந்து வந்ததாயிற்றே, தமிழ்நாட்டுக் கல்லுடைப்பவன் உடம்பு அதில் உண்மையாகவே இருக்கிறதா?

இவை பெரிய படிப்புப் படித்துக் கேட்கும் வினாக்கள் அல்ல. நின்று பார்ப்பவன் எவனும் கேட்கக்கூடியவை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்லும் சிலையைப் பற்றி இந்த வினாக்களைத் தமிழில் விவாதித்த பத்திரிகைப் பக்கங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணினாலும் விரல்கள் மிஞ்சும்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரலாறு

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியே இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. ராய் சவுத்ரிக்குப் பின் 1957இல் அதன் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். ஆசிரியர் வளர்த்த மெய்ம்மைப் பாணியை மாணவர் உதறினார். மேலைநாட்டைப் பின்பற்றாமல், பழமையை நகலெடுக்கவும் செய்யாமல், இந்த மண்ணுக்கென்று ஒரு நவீன ஓவியம் முடியுமா என்பதே அவர் எழுப்பிய வினா. 1944இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டனர். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. துணியில் பாத்திக் வேலை செய்து விற்ற பணத்தைக் கொண்டு ஓவியர்கள் தாமே நிலம் வாங்கிக் குடியேறினர். அரசை நம்பாமல், செல்வரை அண்டாமல் கலைஞர் தம் கையால் ஊர் அமைத்த கதை இது. எந்த மொழிக்காரரும் பாடிப் பரவியிருக்க வேண்டிய கதை!

அந்த இயக்கத்தின் இதழாக 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' தொடங்கிற்று. அது ஆங்கிலத்தில் வந்தது. அந்த இயக்கத்துக்குக் கிடைத்த பெருந்திறனாய்வாளர் ஜோசப் ஜேம்ஸ். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த அவர் எழுதியதும் ஆங்கிலத்தில். பின்வந்த ஆய்வு நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்லூரியில் தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் கன்னடியரும் ஒன்றாகப் பயின்றனர். பொது மொழி ஆங்கிலமாயிற்று. படம் வாங்குவோர் தில்லியிலும் பம்பாயிலும் அயல்நாட்டிலும் இருந்தனர். அவர்களோடு பேசவும் ஆங்கிலமே வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதைக் குற்றம் என்று நாம் கூறவில்லை. தமிழில் எழுதாமல் விட்டதையே குற்றம் என்கிறோம்.

விளைவைப் பாருங்கள். 1963 முதல் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் படங்கள் வரைந்தார். மலையாள எழுத்தைப் போலத் தோன்றும், ஆனால் படித்துப் பொருள் கொள்ள முடியாத எழுத்துகள், சாதகக் கட்டங்களை நினைவூட்டும் கோடுகள், கணக்குக் குறிகள், இடையிடையே சிறு உருவங்கள். எழுத்து தன் பொருளைத் துறந்து வெறும் வடிவாக நிற்கும் அற்புதம் அது. பள்ளிவாசல் வளைவுகளில் எழுத்தே அழகாக வளைந்து நிற்பதைக் கண்டு பழகிய நம் வாசகர்களுக்கு அது அயலாகத் தோன்றக் காரணமே இல்லை. ஒருவர் அருகிருந்து தமிழில் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஆகவே 'நவீன ஓவியம் என்றால் விளங்காதது' என்ற துணுக்கும், படத்தைத் தலைகீழாக மாட்டிய கேலிச்சித்திரமும்தாம் தமிழன் பெற்ற ஓவியக் கல்வியாயின.

அண்டை வீட்டில் நடந்தது

"ஓவியம் என்பது அவ்வளவுதான்; எங்குமே அப்படித்தான்" என்று சிலர் அமைதி கூறுவர். அஃது உண்மையன்று. அதே சென்னைப் பள்ளியில் பயின்று மலையாள நாட்டுக்குத் திரும்பியவர்களைப் பாருங்கள்.

எம். வி. தேவன் இங்கே ராய் சவுத்ரியிடமும் பணிக்கரிடமும் பயின்றார். திரும்பிப் போய் மாத்ருபூமி வார இதழில் கதைகளுக்குப் படம் வரைந்தார். படம் வரைந்த கையாலேயே மலையாளத்தில் கலைக் கட்டுரைகளும் எழுதினார். 'தேவஸ்பந்தனம்' என்ற அவரது கட்டுரை நூலுக்கு வயலார் விருது கிட்டியது. ஓவியம் பற்றிய உரைநடைக்கு அம்மொழி தன் பெரிய இலக்கியப் பரிசுகளுள் ஒன்றைத் தந்தது என்பதைக் கருதிப் பாருங்கள். நம்பூதிரியும் சென்னை மாணவரே. எம். டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாமூழம்' தொடராக வந்தபோது அவர் வரைந்த கோட்டோவியங்கள் கதையைப் போலவே பேசப்பட்டன. கானாயி குஞ்ஞிராமனும் இங்குப் பயின்றவர். 1969இல் மலம்புழை அணைப் பூங்காவில் அவர் எழுப்பிய 'யட்சி' என்ற ஆடையற்ற பெண்ணுருவைச் சுற்றிக் கேரளமே வாதாடியது. தகுமா தகாதா என்று சண்டையிட்டார்கள். சண்டை என்றால் என்ன? அந்தச் சிற்பம் தங்களுடையது என்று மக்கள் கருதினார்கள் என்பதற்கு அதுவே சான்று. தமக்குத் தொடர்பில்லாத பொருளைப் பற்றி எவரும் சண்டையிடுவதில்லை.

2012 டிசம்பரில் கொச்சியில் ஈராண்டுக்கொருமுறைக் கலைவிழா தொடங்கியபோது, பழைய பண்டகசாலைகளில் வைத்த படைப்புகளைக் காண உள்ளூர் மக்கள் திரண்டது தற்செயலன்று. அரசுப் பணம் செலவான முறை பற்றிக் கண்டனம் எழுந்தது. 2019இல் கட்டுமானப் பணி செய்த ஒப்பந்தக்காரர் தமக்குச் சேர வேண்டிய தொகை வரவில்லை என்று பொதுவில் முறையிட்டார். 2022இல் திறப்பு நாள் டிசம்பர் 12இலிருந்து 23க்குத் தள்ளிப் போனபோது, பங்கேற்ற கலைஞர்களே குறைகளை அடுக்கிப் பகிரங்கக் கடிதம் எழுதினர். புகழும் பழியும் சேர்ந்து வருவதுதான் உயிருள்ள கலை வாழ்வு. அங்கே பல ஆண்டுகள் எழுதிப் பண்படுத்திய நிலம் இருந்தது. விதை விழுந்ததும் முளைத்தது.

நம்மிடம் ஆளே இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள். கே. எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து, தமிழ் எழுத்தின் முகத்தையே மாற்றினார். காந்தி நூற்றாண்டில் அவர் காட்சிக்கு வைத்த கோட்டோவியங்கள் அருமையானவை. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் இட்ட கோடுகள் பல்லாயிரம் வீடுகளுக்குள் சென்றன. சிற்பி எஸ். தனபால் தம் வாழ்க்கையைத் தமிழிலேயே சொல்லிச் சென்றிருக்கிறார். வெங்கட் சாமிநாதன் தமிழரின் கலைப் பாராமுகத்தை வாழ்நாள் முழுவதும் கடிந்து எழுதினார். இந்திரன் பல்லாண்டுகளாகத் தமிழில் ஓவியத் திறனாய்வு செய்து வருகிறார். 1973இல் இளவயதிலேயே தன்னை மாய்த்துக்கொண்ட சோழமண்டலத்து ஓவியர் ராமானுஜத்தின் வாழ்வை வைத்து சி. மோகன் நாவலே எழுதினார். இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இவர்கள் எழுதியவை எங்கே வந்தன? பெரும்பாலும் சில நூறு படிகள் அச்சாகும் சிற்றிதழ்களில். இலட்சக்கணக்கில் விற்கும் ஏடுகள் இவர்களைக் கண்டுகொண்டு, வாரம் ஒரு பத்தியை விடாமல் கொடுத்திருக்குமானால் இன்று நிலைமையே வேறு.

'போட்டோ போலவே' என்னும் புகழுரை

2021 ஜூன் மாதம் கொரோனாத் தொற்று ஓவியர் இளையராஜாவைக் கொண்டு போயிற்று. 1979இல் கும்பகோணத்துக்கு அருகே பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். தமிழ் மக்கள் உண்மையாகவே கண்ணீர் விட்டனர். அண்மைக் காலத்தில் ஓர் ஓவியருக்காக இத்தனை பேர் கலங்கியதைக் கண்டதில்லை. நெஞ்சை நெகிழ்விக்கும் காட்சிதான். ஆனால் அவரைப் பற்றி மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டதென்ன? "அப்படியே போட்டோ போலவே இருக்கும்" என்பதுதான்.

நாற்பத்திரண்டு வயதில் மறைந்த கலைஞனுக்கு இதுவா கைம்மாறு? புகைப்படம் போலிருப்பதுதான் ஓவியத்தின் பெருமை என்றால் ஒரு நல்ல கேமராவை வாங்கிவிட்டுப் போகலாமே! இளையராஜா செய்தது அதுவன்று. ஓட்டு வீட்டு முற்றத்தில் பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியை அவர் தேர்ந்தார். அந்த ஒளி மாநிறப் பெண்களின் கன்னத்திலும் தோளிலும் எப்படித் தங்குகிறது என்பதைத் தேர்ந்தார். வெளுத்த தோலே அழகு என்று நாட்காட்டிகளும் விளம்பரங்களும் பல தலைமுறையாகக் கற்பித்து வந்த நாட்டில், கருத்த பெண்ணைப் படத்தின் நடுவே அமர்த்தி ஒளியை அவள் மேல் விழச் செய்தது ஒரு தீர்மானம். கேமரா தீர்மானம் செய்யாது, மனிதன் செய்வான்.

அதோடு கேட்க வேண்டிய எதிர்க் கேள்வியும் உண்டு. அந்தப் பெண்கள் ஏன் எப்போதும் பழைய மரத்தூணருகிலும் திண்ணையிலுமே இருக்கிறார்கள்? அவர்களுடைய தங்கைகள் ஆயத்த ஆடை ஆலைக்கும் கல்லூரிக்கும் போய்விட்டார்களே, அவர்கள் எங்கே? அந்த அமைதி உண்மையான அமைதியா, நகரத்துக்கு வந்துவிட்டவனின் ஏக்கம் சிராமத்தின் மேல் பூசிய மெருகா? இப்படிக் கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. ஒருவனை ஓவியனாக மதிப்பதென்றால் இப்படிக் கேட்பதுதான். புகழ்ந்து மாலையிட்டு அனுப்பிவிடுவது எளிது. அவன் படத்தின் முன்னே கால்மணி நேரம் நின்று வாதிடுவது அரிது. உயிரோடு இருந்தபோது அந்த வாதத்தை அவருக்கு நாம் வழங்கியிருந்தால், அடுத்த பத்தாண்டில் அவர் எங்கே போயிருப்பாரோ!

வண்ணம் பூசிய சுவர்கள்

மற்றுமொரு நிகழ்ச்சி. சென்னையின் தென்புறத்தில் கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த ஏழை மக்களை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டு முதல் அங்கே கொண்டு போய்க் குடியமர்த்தினார்கள். சுமார் 15,000 வீடுகள். வேலை செய்த இடங்களிலிருந்து வெகு தொலைவு. 2020இல் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் இந்திய ஓவியரும் அயல்நாட்டு ஓவியரும் மிகப்பெரிய சுவரோவியங்களைத் தீட்டினர். மாநகராட்சியும் ஒரு கலை அமைப்பும் வண்ண நிறுவனமும் சேர்ந்து செய்த ஏற்பாடு. 'கலை வட்டாரம்' என்ற பெயரும் சூட்டப்பட்டது.

பத்திரிகைகள் என்ன எழுதின? "வண்ணமயமானது கண்ணகி நகர்" என்று. அவ்வளவுதான்! இங்கே எழுத எவ்வளவோ இருந்தது. அந்தப் படங்கள் அங்கு வாழ்வோரின் முகங்களா, எங்கு வேண்டுமானாலும் வரையத்தக்க முகங்களா? எந்தச் சுவர் நன்றாக வந்தது, எது வெறும் அலங்காரமாக நின்றது? தன் வீட்டுச் சுவரில் என்ன வர வேண்டும் என்று குடியிருப்பவரைக் கேட்டார்களா? வண்ணம் பூசுவதால் அந்த ஊரின் பெயருக்கு ஏற்பட்ட களங்கம் நீங்குமா? அல்லது சுவரின் வண்ணம் குடிநீர்க் குழாயின் வறட்சியை மறைக்குமா? ஓவியம் ஏழைகளிடம் போக வேண்டும் என்று முழங்குவோரும், ஏழைக்கு ஓவியம் எதற்கு என்று ஏளனம் செய்வோரும் மோதியிருக்க வேண்டிய இடம் அது. மோதலும் இல்லை, ஆய்வும் இல்லை. வண்ணப் படங்களை அச்சிட்டுப் பக்கத்தை நிரப்பினார்கள். கலையையும் பார்க்கவில்லை, மக்களையும் பார்க்கவில்லை.

மறுப்புகளும் மறுமொழியும்

"ஓவியம் தானே பேசும், அதற்கு எழுத்து எதற்கு?" என்பர் சிலர். பாட்டும் தானே பேசுகிறது. அதற்குத் திறனாய்வு வேண்டாம் என்று எவரும் கூறக் காணோம். ஓவியம் பேசும் என்பது மெய்தான். ஆனால் கேட்கப் பழகாத காதுக்கு எந்தப் பேச்சும் இரைச்சல்தான். படத்துக்குப் பதிலாக நிற்பது எழுத்தின் வேலையன்று. பார்ப்பவனைப் படத்தின் முன்னே இன்னும் சற்று நேரம் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை.

"வாசகர் விரும்பமாட்டார்" என்பது பத்திரிகையாளர் மொழி. வாசகருக்கு ஒரு நாளேனும் கொடுத்துப் பார்த்தீர்களா? கோபுலுவின் நகைச்சுவைச் சித்திரத்தையும், சில்பி வரைந்த கோயில் ஓவியங்களையும், மணியம் தீட்டிய வரலாற்றுக் காட்சிகளையும் வெட்டித் தைத்து வைத்துப் பாதுகாத்த கூட்டம் தமிழ் வாசகர் கூட்டம். படத்தை நேசிக்கத் தெரியாத கூட்டமா அது? சிவகாசியில் அச்சான கொண்டைய ராஜுவின் படங்கள் தொங்காத தமிழ்த் தெரு ஒரு காலத்தில் இருந்ததா? அந்தக் கண்கள் இருந்தன. அவற்றை அடுத்த படிக்கு அழைத்துச் செல்ல எழுத்து வரவில்லை.

"தமிழில் அதற்குச் சொல் இல்லை" என்பது மூன்றாவது சாக்கு. இதைக் கேட்கும்போதுதான் சினம் பொங்குகிறது. தூரிகைக்குத் துகிலிகை என்று பெயர் வைத்திருந்தது பழந்தமிழ். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் 'புனையா ஓவியம்' என்று தனியே பிரித்துச் சொன்னது. ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்றழைத்தது. காண்போரின் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துகிறவர் என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் கண்டனர். ஓவியத்தின் இலக்கணத்தை இதனினும் சுருங்கச் சொல்ல எந்த மொழியாலும் ஆகுமா? ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் 'சித்திரகாரப்புலி' என்ற விருதைப் பெருமையுடன் பூண்டான். மன்னன் ஓவியப் பட்டத்தைச் சூடிக்கொண்ட மொழியில் சொல் இல்லையாம்! இல்லாதது சொல் அன்று, மனம்.

"இது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்பது நான்காவது. வாங்குவது பணக்காரராக இருக்கலாம், வரைவது அவரல்லர். அரசு கவின்கலைக் கல்லூரிகளில் சென்று பாருங்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். தன் ஊரின் களத்துமேட்டையும் தறிக்குழியையும் கடலோரத்தையும் வரைகிறார்கள். அந்தப் படம் ஒரு கூடத்தில் மாட்டப்படும்போது அதன் விளக்க அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த தாய் அதன் முன் நின்று, தன் வாழ்க்கையைப் பற்றி மகன் எழுதியது என்னவென்று பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்துக்குப் பணக்காரர் மட்டுமா காரணம்?

இங்கேதான் ஓவியரின் பொறுப்பைச் சுட்ட வேண்டியுள்ளது. அழைப்பிதழ் ஆங்கிலம், கையேடு ஆங்கிலம், படத்தின் பெயரும் ஆங்கிலம். அந்த ஆங்கிலமோ பல நேரங்களில் எழுதியவருக்கே விளங்காத ஆங்கிலம். தமிழ்ப் பத்திரிகை தம்மைப் புறக்கணிக்கிறது என்று வருந்தும் ஓவியர், தமிழ் வாசகனுக்கு ஒரு தாள் தமிழில் எழுதி வைத்தாரா? கதவைத் தாழிட்டுக்கொண்டு, விருந்தினர் வரவில்லையே என்று புலம்புவது முறையாகாது.

அரசும் தப்ப முடியாது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1909இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடத்தில் தேசியக் கலைக்கூடம் இயங்கி வந்தது. இரவிவர்மாவின் படங்களைச் சென்னைவாசி நேரில் காண வாய்த்த இடம் அது. கட்டடம் பழுதுற்றது என்று 2002இல் அது மூடப்பட்டது. இருபதாண்டுக் காலம் அக்கதவு திறக்கவில்லை. இருபதாண்டு என்றால் ஒரு தலைமுறை. அன்று பிறந்த குழந்தை கல்லூரி மாணவனாகும் வரை தன் நகரத்தின் கலைக்கூடத்துக்குள் காலடி வைக்க இயலவில்லை. நூலகம் ஒன்றை இருபதாண்டு மூடி வைத்திருந்தால் தமிழ் எழுத்தாளர் சும்மா இருந்திருப்பார்களா? கலைக்கூடம் மூடிக் கிடந்ததற்கு எழுத்தாளர் எவரேனும் ஊர்வலம் போனதுண்டா? ஓவியம் தங்களுடையது என்ற உணர்வு இல்லாத இடத்தில் அதன் வீடு பூட்டிக் கிடப்பதும் எவரையும் உறுத்துவதில்லை.

செய்ய வேண்டுவன

செய்ய வேண்டியவை கோடி ரூபாய் கேட்கும் காரியங்கள் அல்ல. ஒவ்வொரு நாளேடும் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பத்தியை, ஒரே ஒரு படத்துக்கு ஒதுக்கட்டும். தலைமை தாங்கியவர் பெயரை அந்தப் பத்தியில் அச்சிடுவதில்லை என்று உறுதி பூணட்டும். இலக்கியத் திங்களிதழ்களும் விலக்கல்ல; கதைக்கும் கவிதைக்கும் பக்கம் ஒதுக்கும் நாம், அட்டையில் ஓர் ஓவியத்தைப் போட்டுவிட்டு அதைப் பற்றி உள்ளே ஒரு வரியும் எழுதாமல் விடுவது தகாது. ஒவ்வொரு கண்காட்சியிலும் விளக்க அட்டை தமிழிலும் இருக்க வேண்டும் என்பதை லலித் கலா அகாதெமியும் அரசு அருங்காட்சியகமும் விதியாக்கட்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் கல்லூரி இறுதியாண்டு மாணவர் வைக்கும் கண்காட்சிகளுக்கு அவ்வட்டாரத் தமிழாசிரியர்கள் தம் மாணவர்களை அழைத்துச் சென்று, பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்லட்டும். அந்தப் பிள்ளைகளுள் ஒருவன் எழுதும் பக்கத்திலிருந்து நாளைய திறனாய்வாளன் பிறப்பான்.

எழுதும்போது தவறு நேரும். நல்ல படத்தைக் குறைத்தும் குறைபட்ட படத்தை உயர்த்தியும் எழுதிவிடக்கூடும். நேரட்டும், மறுத்தெழுத இன்னொருவர் வருவார். கச்சேரி விமர்சனம் அப்படித்தான் வளர்ந்தது. திரை விமர்சனமும் அப்படித்தான் வளர்ந்தது. மௌனத்தில் மட்டும் எதுவும் வளர்ந்ததாக வரலாறு இல்லை.

நாடா வெட்டுவோர் வெட்டிக்கொண்டு போகட்டும். விளக்கேற்றுவோரும் ஏற்றிவிட்டுப் போகட்டும். அவர்கள் போன பிறகு கூடம் வெறுமையாகும். படங்கள் மட்டும் சுவரில் இருக்கும். எழுதுகிறவன் அந்த வேளையில் உள்ளே நுழைய வேண்டும்.